போதும் என்று சொல்லாத நாள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் முகநூலில் கருத்து எழுதுகிறவன் ஆனேன். எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. மகள் ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்தாள், அதில் தமிழில் எழுத வசதி இருந்தது, பகல் முழுவதும் எனக்கு வேலை இல்லை. தொடங்குவதற்கு இதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

ஓசூரில் மின்சாதனங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில், என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. சுவிட்சுக்குள் இருக்கும் பித்தளைத் தகடு மயிரிழை கூடுதலாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அளந்து பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை முதலில் கட்டியது யார், பர்கூர்ப் பக்கத்து நடுகல்லில் நிற்கும் வீரன் என்ன மொழி பேசினான், தோசை எந்த ஊர்ச் சொத்து, தண்ணீர் யாருடையது என்றெல்லாம் எழுதும்போது நான் எதையும் அளக்கவில்லை. எப்போதோ படித்தது, ஏரிக்கரையில் காலை நடையின்போது யாரோ சொன்னது, பாதி நினைவில் இருந்தது எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு, ‘வரலாறு நமக்குச் சொல்வது என்னவென்றால்’ என்று ஆரம்பித்துவிடுவேன்.

படிக்க ஆட்கள் இருந்தார்கள். என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள், ஷிப்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இளைஞர்கள், ஊத்தங்கரையிலும் காவேரிப்பட்டணத்திலும் இருந்த முகம் தெரியாதவர்கள். ‘சார் எழுத்துன்னா தனி’ என்று ஒருவர் எழுதினால் அன்றைக்குச் சாப்பாடு கொஞ்சம் கூடுதலாக இறங்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் இருந்தது.

என் மனைவி அதற்கு ஆபீஸ் என்று பெயர் வைத்திருந்தாள். காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்பாள்.

“என்னாங்க, ஆபீஸ் தொறந்தாச்சா? இன்னிக்கி எந்த ராஜாவ எறக்கப் போறீங்க?”

“சோழன்.”

“பாவம். அவ்ளோ தூரத்துலேர்ந்து வராரு. சாப்புட்டுட்டுப் போவச் சொல்லுங்க.”

அவள் நான் எழுதியதைப் படித்ததில்லை. அவள் படித்தது கன்னடப் பள்ளிக்கூடத்தில். தமிழை எழுத்துக்கூட்டி, பஸ் போர்டும் மருந்துச் சீட்டும் படிப்பாள், அவ்வளவுதான். எழுதியதை நான் சத்தமாகப் படித்துக் காட்ட ஆரம்பித்தால் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போய்விடுவாள்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். வாய்க்காலின் கடைசியில், தண்ணீர் வந்ததா என்று வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலம் எங்களுடையது. வேலை கிடைத்து ஓசூருக்கு வந்தபோது அவள் அதே தொழிற்சாலையில் பாகங்களைப் பொருத்தும் பிரிவில் இருந்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல்லுக்கு அருகில் ஒரு கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். நாங்கள் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்தபோது என் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அவள் வீட்டில் கதவையே சாத்திவிட்டார்கள். அவளுடைய தம்பி ஒருவர் மட்டும், வீட்டில் சொல்லாமல், மாப்பிள்ளைக்கென்று ஒரு வேட்டியை வாங்கிக்கொண்டு வந்தார். பெண் வீட்டு ஆள், சாட்சி, பந்தியில் பரிமாறுகிறவர் எல்லாம் அவர்தான். ஊருக்குத் திரும்பிப் போன பிறகு அவருக்கு வீட்டில் என்ன நடந்தது என்று எங்களிடம் சொன்னதில்லை. நாங்கள் ஊகித்துக்கொண்டோம்.

பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள் அவர்கள் பக்கத்தில் கௌரி ஹப்பா. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அன்று சீர் வர வேண்டும். புது மூங்கில் முறத்தில் மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல், ரவிக்கைத் துணி, அரிசி, பருப்பு, வெல்லம் எல்லாம் வைத்து, மேலே இன்னொரு முறத்தைக் கவிழ்த்து, மஞ்சள் நூல் சுற்றித் தருவார்கள். பாகினா என்று சொல்வார்கள். புருஷனோடு வாழும் பெண்ணுக்குத்தான் அது உண்டு. அவளுடைய அப்பாவும் அம்மாவும் கடைசிவரை அந்தக் கதவைத் திறக்கவில்லை. ஆனால் தம்பி ஒரு வருடம்கூடத் தவறாமல் முறத்தோடு வந்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். பிற்காலத்தில் ஆனேக்கல் பக்கத்தில் நிலங்களெல்லாம் மனையாகி, அவரும் இருந்த துண்டை விற்று வீட்டின் முன்னால் ஒரு மளிகைக் கடை போட்டார். அன்றைக்கு மட்டும் கடையை மூடிவிட்டு வருவார். அவள் முந்தானையை விரித்து வாங்கிக்கொள்வாள். அவளுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அந்த இரண்டு முறங்கள்தான்.

பிறகு சாப்பாடு. அன்று ஒப்பட்டு உண்டு, நம் பக்கத்துப் போளிதான். பருப்பும் வெல்லமும் பூரணமாக வைத்து, நெய் ஊற்றிச் சுடச்சுட எடுப்பாள். அவர் இலை முன்னால் உட்கார்ந்தால் தலையை நிமிர்த்த மாட்டார். அவள் போடுவாள், அவர் சாப்பிடுவார். மறுபடி போடுவாள், மறுபடி சாப்பிடுவார். சர்க்கரை வியாதி வந்த பிறகும் அப்படியேதான். நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். அவர் ‘போதும்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஏன் சொல்வதில்லை என்று நானும் இத்தனை வருடத்தில் கேட்டதில்லை.

அந்த வருடமும் வந்தார், கொடுத்தார், சாப்பிட்டார், போனார். அடுத்த சில நாட்களில் காவிரித் தண்ணீர் விவகாரம் சூடாகிவிட்டது. நம் பஸ்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் ஜூஜூவாடியோடு நின்றன, அவர்கள் பஸ்கள் அத்திப்பள்ளியோடு நின்றன. நடுவில் ஜனங்கள் மூட்டையும் குழந்தையுமாக நடந்தார்கள். ஒரு நாள் காலை மைத்துனர் போன் செய்தார். அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். நான்தான் எடுத்தேன். அக்கா புருஷனை அவர்கள் பக்கத்தில் பாவா என்று கூப்பிடுவார்கள்.

“பாவா, ஒரு தமாசு கேளுங்க. நானும் போராட்டக்காரன் ஆயிட்டேன்.”

“நீயா?”

“ஆமா பாவா. கன்னட சங்கத்து ஆளுங்க வந்து ஊரையே டிராக்டர்ல ஏத்திக்கினு போயி ஹைவேல ஒக்கார வெச்சிட்டாங்க. என் கையில ஒரு கொடி.”

“கொடிய ஒழுங்கா புடிச்சியா?”

“எங்க புடிக்கிறது? வெயிலுக்குத் தலமேல போட்டுக்கினேன்.” இருவரும் சிரித்தோம். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “நா போயி ஒக்காந்தது உங்க தண்ணிக்கு எதுரா இல்ல பாவா. வரலன்னா கடைமேல கல்லு வுழும். அக்காகிட்ட சொல்லாதீங்க, காறித் துப்பிடும்.”

சொல்ல மாட்டேன் என்றேன். அக்காவிடம் சொல்லவும் இல்லை. அன்று மத்தியானம் ஊருக்கெல்லாம் சொன்னேன்.

எனக்கு அன்று கோபம் இருந்ததா என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். கோபம் என்றால் ஒரு நியாயமாவது இருந்திருக்கும். எங்கள் நிலத்தை என் அண்ணன் எப்போதோ விற்றுவிட்டார். அந்த வரப்பில் நான் கால் வைத்து எத்தனையோ காலம் ஆகிறது. தொலைக்காட்சியில் காய்ந்த பயிரைக் காட்டியபோது வருத்தம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் போனை எடுத்தபோது இருந்தது வருத்தம் இல்லை. மற்றவர்களெல்லாம் ஆணையம், தீர்ப்பு, கன அடி என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் ஒரு நல்ல கதை இருந்தது. அந்தச் சந்தோஷம்தான்.

நான் எழுதியது இது:

‘எனக்கு ஒரு மைத்துனர் இருக்கிறார். எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர். ஆண்டுதோறும் ஒரு முறத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். முறத்தில் வருவது ஒரு படி பருப்பு. வயிற்றில் போவது அதைப்போல் இரு மடங்கு. சர்க்கரை நோயாளி, ஆனால் தமிழன் வீட்டு ஒப்பட்டுக்கு மட்டும் அவருக்குச் சர்க்கரை ஏறாது. எத்தனை போட்டாலும் போதும் என்று சொன்னதில்லை. போன வாரம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக் கைகழுவிய அதே மைத்துனர், இந்த வாரம் நெடுஞ்சாலையில் கொடியோடு உட்கார்ந்திருக்கிறார், தமிழனுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் தரக் கூடாதென்று. வரலாறு நெடுக இதுதான் நடந்திருக்கிறது. நாம் இலை போடுவோம். அவர்கள் அணை போடுவார்கள்.’

கடைசி இரண்டு வாக்கியங்களை மாற்றி மாற்றி எழுதி அந்த அளவுக்குக் கொண்டுவந்தேன். கடைமேல் கல் விழும் என்று அவர் சொன்னதை விட்டுவிட்டேன். கொடியைத் தலையில் போட்டுக்கொண்டதையும் விட்டுவிட்டேன். அவை இருந்தால் கதை கெட்டுப்போகும் என்று தெரிந்துதான் விட்டேன். பெயர் எழுதவில்லை, அதனால் குற்றமில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவர் தமிழ் பேசுவாரே தவிர அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதும் உள்ளுக்குள் ஒரு தைரியம்.

என் பதிவுகளில் எதுவும் அவ்வளவு தூரம் போனதில்லை. யார் யாரோ எடுத்துப் போட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து திட்டினார்கள். நான் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதும் எழவில்லை. கூட்டத்தின் நடுவே கன்னட எழுத்தில் ஒருவர் ஒற்றை வரி எழுதியிருந்தார். பேசத்தான் எனக்குக் கன்னடம் வரும், எழுத்து தெரியாது. பெயரும் கன்னட எழுத்தில்தான் இருந்தது. முகத்துக்குப் பதிலாக ஒரு கிணறும் அதன்மேல் சாய்ந்த ஒரு தென்னையும் இருந்த படம். மொழிபெயர்க்க வேண்டுமா என்று போன் கேட்டது. அழுத்தினேன்.

‘உட்காரச் சொல்லி இலை போட்டது நீங்கள்தானே?’

நான் யோசிக்கவே இல்லை. ‘இலை போடுவது எங்கள் பண்பாடு. எழுந்திருக்கத் தெரியாமல் இருப்பது உங்கள் பண்பாடு’ என்று எழுதினேன். அதற்குக் கிடைத்த சிரிப்பு பதிவுக்குக் கிடைத்ததைவிட அதிகம். கீழே ஆளாளுக்குச் சேர்ந்துகொண்டார்கள். பார்சல் கட்டித் தரட்டுமா என்று ஒருவர் கேட்டார். பட்டினி கிடக்கிற ஊரா என்று இன்னொருவர். கிணற்றுப் படக்காரர் அதன் பிறகு எதுவும் எழுதவில்லை.

விவகாரம் ஆறியது. பஸ்கள் மறுபடி ஓடின. தீபாவளிக்கு மைத்துனரிடமிருந்து போன் வரவில்லை. “கடையில கூட்டமா இருக்கும்” என்றாள் அவள். சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் கலந்து ஒரு பொட்டலம் அனுப்புவார், அதுவும் வரவில்லை. அவளே போன் செய்தாள். நன்றாக இருக்கிறேன் அக்கா, நன்றாக இருக்கிறேன் என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டாராம். “ஒடம்பு சரியில்லயோ என்னவோ, சொல்ல மாட்டேங்கறான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் அவள் தன் போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். முகத்தில் சந்தோஷம்.

“என்னாங்க, இதப் பாருங்க. எங்க ஊட்டுக் கெணறு. தம்பி இந்த மரத்துல ஏறிக்கினு எறங்கத் தெரியாம அழுவான், நாந்தான் கீழ நின்னு புடிப்பேன். அவன் போன்ல இந்தப் படத்தத்தான் வெச்சிக்கினு இருக்கானாம். அவன் மருமவ அனுப்பிச்சா.”

தென்னை சாய்ந்திருந்த விதத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை.

“நல்லா இருக்கு” என்றேன். பிறகு மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அன்றே பதிவை அழித்தேன். செய்ய வேண்டியது அதுவல்ல என்று தெரியும். அரை நாள் பயணம்கூட இல்லை, போய் முன்னால் நின்றிருக்கலாம். அவளிடமாவது சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. அவளாகவே கேட்கட்டும் என்று ஒரு நாள், அவர் மறந்திருப்பார் என்று ஒரு நாள், இப்படியே மாதங்கள் போயின. அவருடைய போனில் வந்த மொழிபெயர்ப்பில் ஏதாவது தப்பாகியிருக்கும், அதனால்தான் அவருக்கு இவ்வளவு கோபம் என்றுகூட ஆறுதல் தேடினேன். எனக்கென்று ஒரு நகல் வைத்திருந்தேன். அதைக் கன்னடத்துக்கு மாற்றி, போனையே சத்தமாகப் படிக்கவைத்துக் கேட்டேன். ஒரு பெண் குரல் நிதானமாகப் படித்தது. ஒரு சொல்கூடத் தப்பவில்லை. அணையும் இலையும் கன்னடத்திலும் நன்றாகவே இருந்தன.

அழித்தது அழியவும் இல்லை. ஏரிக்கரையில் என்னோடு நடக்கும் ஒருவர் ஒரு நாள் போனை நீட்டினார். “சார், இதப் படிச்சீங்களா? எவன் எழுதுனானோ, செருப்பால அடிச்ச மாதிரி இருக்குது.” என் சொற்கள்தான், யாரோ ஒரு பூப்படத்தின்மேல் அச்சிட்டு காலை வணக்கத்தோடு அனுப்பியிருந்தார்கள். படித்தேன் என்றேன்.

அடுத்த கௌரி ஹப்பா வந்தது. அவள் விடியற்காலையிலேயே குளித்துப் பருப்பை வேகவைத்தாள். வாசலில் பைக் சத்தம் கேட்டதும் ஈரக் கையோடு ஓடினாள். வந்தது தம்பி இல்லை, தம்பியின் மகன். முறத்தை இரண்டு கையாலும் கொடுத்தான். அவள் முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

“அப்பா எங்கடா?”

“கடையில இருக்குது அத்தெ.”

“கௌரி ஹப்பா அன்னிக்கிக் கடையா? சரி, நீ ஒக்காரு. இலை போடறேன்.”

“சாப்புட்டு வந்துட்டேன்.”

“இங்க வரவன் யாராச்சும் சாப்புட்டு வருவானா? ஒண்ணே ஒண்ணு வாயில போட்டுக்கோ.”

“வாணாம் அத்தெ. டூட்டிக்கு நேரமாச்சு.”

அவள் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவன் தோள் பையிலிருந்து தன்னுடைய பாட்டிலை எடுத்துக் குடித்தான். “தண்ணி வெச்சிருக்கேன்” என்றான். முரட்டுத்தனமாகச் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் நிற்கிற மாதிரிதான் இருந்தான். ஆனால் சொம்பைத் தொடவில்லை. என்னை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

“அப்பாவுக்காச்சும் ஒரு டப்பாவுல போட்டுத் தரேன்டா.”

“வாங்காதன்னு அப்பா சொல்லிச்சு அத்தெ.”

பைக் தெருமுனை திரும்பும்வரை அவள் சொம்போடு நின்றாள். உள்ளே வந்து அதைக் கீழே வைத்தாள். என்ன நடந்தது என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

“என்ன எழுதுனீங்க?” என்று கேட்டாள்.

நான் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன்.

“படிங்க. எப்பவும் கூப்புட்டுக் கூப்புட்டுப் படிப்பீங்கல்ல. இன்னிக்கி அடுப்புல ஒண்ணும் இல்ல. படிங்க.”

நகலை எடுத்துப் படித்தேன். அவளுக்கு எதிரில், முறத்தை நடுவில் வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். கிணற்றுப் படத்தின் கேள்வியையும் என் பதிலையும் சொன்னேன். அவர் போனில் சொல்லி நான் விட்டுவிட்டதையும் சொன்னேன். நடுவில் அவள் நிறுத்தவில்லை. முடித்த பிறகு மெதுவாகத்தான் பேசினாள்.

“அன்னிக்கி அவன் போதும்னு சொல்லக் கூடாதுங்க. சொன்னா அக்கா ஊட்டுல கொறை வந்துரும். எங்க அம்மா வெச்ச பழக்கம். அவன் எப்பங்க கேட்டான்? நாந்தான போட்டேன். என் மனசு நெறையறவரைக்கும் நா போடுவேன், அவன் முழுங்குவான். நிறுத்தறது என் கையில. ஊருக்குப் போயி ரெண்டு நாளு தலைய தூக்காம கெடப்பான், தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

என் வீட்டில் குறை வரக் கூடாதென்று ஒருவர் தன் உடம்பைக் கெடுத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார். நான் எதிரில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். பண்பாடு, பண்பாடு என்று எழுதிய ஆளுக்குத் தன் வீட்டுக் கூடத்தில் நடந்தது தெரியவில்லை.

அடுத்த வாரம் நான் தனியாகப் போனேன். அத்திப்பள்ளியில் இறங்கி வேறு பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. மைத்துனர் கடையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார்.

“வாங்க சார். ஒக்காருங்க.”

கல்யாணத்தன்று ஆரம்பித்து அன்றுவரை நான் அவருக்கு பாவா. என் தொழிற்சாலையில் நூறு பேர் என்னைச் சார் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தச் சொல் இப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

டீ வரவழைத்தார். நான் தப்புச் செய்துவிட்டேன், மன்னித்துவிடு என்றேன். எழுதிவைத்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துபோயிற்று.

“மன்னிப்பெல்லாம் எதுக்கு சார்? நீங்க பெரியவங்க” என்று பூண்டை எடுத்து வைத்தார். “இங்க பசங்க எனக்கு ஒப்பட்டுன்னு பேரு வெச்சிட்டானுங்க. அது போவட்டும். சங்கத்து ஆளுங்கதான் கேட்டாங்க, எங்க கொடியப் புடிச்சிக்கினு அங்க போயி சோறு துன்னுறியான்னு. அங்க நீங்க அப்பிடிச் சொன்னீங்க, இங்க இவங்க இப்பிடிச் சொன்னாங்க. நா நடுவுல எங்க போறது, சொல்லுங்க?”

அக்காவுக்காக வரும் வருடம் வா என்று கேட்டேன்.

“கோவம் இல்ல சார். கோவமா இருந்தா அக்காவுக்கு மொறம் குடுத்து அனுப்புவேனா?” தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நா வந்து ஒக்காந்தேன்னு வெச்சிக்குங்க. அக்கா போடும். நீங்க எதுருல இருப்பீங்க. எண்ணறீங்களோன்னு எனக்கு ஒரு நெனப்பு வரும். வந்துச்சின்னா போதும்னு வாய் தானா சொல்லிரும். அக்கா ஊட்டுல என் வாயில அந்த வார்த்த வரக் கூடாது. அதுக்குத்தான் வரல.”

“அன்னைக்கு நான் வீட்டுல இல்லாம எங்கயாவது போயிடறேன். நீ வந்து சாப்பிட்டுட்டுப் போ.”

அவர் சட்டென்று நிமிர்ந்தார். “வாயக் கழுவுங்க! பாவா இல்லாத ஊட்டுல அக்காவுக்கு பாகினா குடுக்கறதா?”

பழைய குரல் அது. ஒரு நொடி பழைய மைத்துனரே என் முன்னால் இருந்தார். பிறகு அவருக்கே தெரிந்துவிட்டது. பூண்டை எடுத்துக்கொண்டார். “டீ ஆறுது சார்” என்றார்.

திரும்பி வந்து அவளிடம் எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். அவர் சொன்னதில் எதையும் விடவில்லை. அவள் கேட்டுக்கொண்டாள். அவன் சொல்வது சரிதான் என்று மட்டும் சொன்னாள்.

இப்போது நான் எழுதுவதில்லை. ஏரிக்கரையில் கேட்கிறார்கள், கண் சரியில்லை என்று சொல்கிறேன். அது பொய். அவள் என்னோடு பேசாமல் இல்லை. மாத்திரை எடுத்துத் தருகிறாள், துவைத்த சட்டையை மடித்துவைக்கிறாள். ஆபீஸ் திறந்தாயிற்றா என்று மட்டும் கேட்பதில்லை.

இந்த வருடம் கௌரி ஹப்பாவுக்கு முதல் நாள் அவள் சொன்னாள்: “தம்பி மொறம் அனுப்ப வேணாம்னு சொல்லிட்டேன். நானே போறேன்.” காலையில் ஒப்பட்டு சுட்டாள். அடுக்கு டிபன் கேரியரில் வைத்து, நெய்யைத் தனியாக ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டாள். ஓசூர் பஸ் நிலையம்வரை நான் கேரியரைத் தூக்கிக்கொண்டு போனேன். அது சூடாக இருந்தது.

“நானும் வரட்டுமா?”

“வேணாம்.” பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகு, “உங்களுக்கு எடுத்து மூடி வெச்சிருக்கேன், சாப்புடுங்க” என்றாள். பஸ் புறப்பட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தேன். இலை போட்டு, எனக்குப் பிடித்த அளவுக்கு நெய் ஊற்றி வைத்திருந்தாள். அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் நான் உட்கார்ந்தேன். சாப்பிட முடியவில்லை, ஆனால் சாப்பிட்டேன். அவள் செய்ததை மிச்சம் வைக்கும் தைரியம் எனக்கு இல்லை.

வெயில் தாழ்ந்த பிறகு வந்தாள். கையில் இரண்டு முறங்கள், நூல் சுற்றியபடி. தோளில் மாட்டியிருந்த பையில் கேரியர் காலியாக, கழுவி இருந்தது. செருப்பைக் கழற்றி, முறத்தைச் சாமி அலமாரியின் முன்னால் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தாள்.

“சாப்பிட்டானா?”

“சாப்புட்டான்.”

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். “போதும்னு சொன்னானா?”

அவள் கேரியரின் அடுக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கவிழ்த்து வைத்தாள்.

“சொன்னான்” என்றாள். “சர்க்கரை ஜாஸ்தியா இருக்குதாம்.”